கோணம் 999

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. பழைய மெயில் முகவரிக்கு எழுதினால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. போன மாதம் அண்ணன் உங்கள் ஸ்வெட்டர்களைப் பார்சல் அனுப்பினாரே, அந்த ரசீதிலிருந்து உங்கள் முகவரியைச் சுட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பார். அதில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போது நம் லென்ஸ் பட்டறையில் இருக்கிறேன். முன்னறையில், ஜன்னலோர மேசையில், உங்கள் இடத்தில். பின்னால் லென்ஸ் அரைக்கும் இயந்திரங்கள் ஈரச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கின்றன. எதிரே நீங்கள் எழுதிய ப்ரோக்ராம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மூலையில் ஒரு சின்னக் கோடு சிமிட்டிச் சிமிட்டி, 'என்ன வேணும், சீக்கிரம் சொல்லு' என்கிறது.

அது ஓடுகிற கம்ப்யூட்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறது, அண்ணி. காலையில் கவுன்டர் அக்கா அதன் தலையில் தட்டித் தட்டித்தான் எழுப்புகிறாள். கண்ணாடிக் கடைகளின் ஆர்டர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அது படுத்துவிட்டால் யார் கண்ணுக்கு எந்தப் பவர் என்று சொல்ல ஆளில்லை, பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அதே வேலையை பிரவுசரில் செய்கிற மாதிரி புதிதாகக் கட்டித்தரச் சொன்னார். ஆபீசில் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெப் ஃபிரேம்வொர்க் ஒன்றில் கட்டப்போகிறேன் என்றதும், "ஃபிரேம் எதுக்கு? நாம லென்ஸ் மட்டும்தானே பண்றோம்" என்றார்.

உங்கள் ப்ரோக்ராமைப் படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று. இப்போதைக்கு இரண்டு கேள்வி. ஒவ்வொரு ஆர்டருக்கும் பிறகு ப்ரோக்ராம் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறதே, அது எதற்கு? ஆர்டர் போடுகிறவர் ஒருமுறை நிதானமாக யோசிக்கட்டும் என்றா? ரொம்ப அழகான எண்ணம் என்று நினைத்தேன். இரண்டாவது, தப்பு கண்டுபிடிக்கிற பகுதிக்கு 'அத்தை' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அது எங்கம்மாவா?

கோபம் இருந்தாலும் பதில் போடுங்கள். கோபமாகவே போடுங்கள்.

உங்கள்
நாத்தனார்


பிப்ரவரி 11

வாலு,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன். பிரித்த பிறகு இன்னொரு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். உன்னை இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இதே ப்ரோக்ராமை பிரவுசருக்கு மாற்றலாம் என்று நான் உங்கண்ணனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? மாதிரிக்கு இரண்டு பக்கம் கட்டியே காட்டினேன். லென்ஸ் வைக்கிற தட்டைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்?" என்றார். அவ்வளவுதான். நான் ஒரே ஆளாக எழுதிய ப்ரோக்ராம், அதை நானே தொடக்கூடாது. சரி, நம் தேவை அங்கே இல்லை என்றுதான் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் ப்ரோக்ராம் எழுதுகிறேன். இங்கே நான் சொன்னால் இரண்டு பேராவது காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இப்போது தங்கச்சி சொன்னதும் வண்டியைப் பிரிக்கலாமாம்! நன்றாக இருக்கிறது.

உன் கேள்விகளுக்குப் பதில். நின்று யோசிப்பதற்காக ஒன்றும் இல்லை. அப்போது இருந்த பிரின்டர் மகா சோம்பேறி. அடுத்த ஆர்டர் உடனே வந்தால் பாதி வரியை முழுங்கிவிடும். அதற்காக நிற்கவைத்தேன். அந்த பிரின்டர் போய் எத்தனையோ காலம் ஆகிறது, எடுத்துப் போட்டுவிடு. எல்லாவற்றிலும் தத்துவம் தேடாதே.

அத்தை அத்தைதான். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாரே, வேறு என்ன பெயர் வைப்பது? அவரிடம் சொல்லிவிடாதே.

வேறு சந்தேகம் இருந்தால் எழுது. ப்ரோக்ராம் என்னுடையது, அது அநாதையாகச் சாகவேண்டாம். ஆனால் நேரில் வந்து உதவுங்கள் என்று ஆரம்பிக்காதே. நான் அங்கே வரவேண்டும் என்றால் உங்கண்ணன் தன் வாயால் கேட்கட்டும். ஒரு வாக்கியம் போதும். நீ எடுத்துக்கொடுக்கக் கூடாது.

அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள், வாய் நிற்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "அதாவது நான் இல்லாட்டி தப்புத் தப்பா கண்ணாடி போயிருக்கும்னு ஒத்துக்கறா, அதானே?" என்று கேட்டார். இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பட்டறையே தன் தலையில்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் விஷயம். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. சத்தியமாக. "அண்ணி இருந்தா இந்த இடம் சட்டுனு புரிஞ்சிருக்கும்" என்று காற்றிடம் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்போது ஒரு விசித்திரம். பழைய ஆர்டர்களை எல்லாம் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றும்போது தப்பானவை தனியே வந்து விழுகின்றன. சிலிண்டர் பவர் என்றால் கூடவே ஒரு கோணம் சொல்ல வேண்டும் அல்லவா, லென்ஸை எந்தப் பக்கம் திருப்புவது என்று. அது நூற்றெண்பதைத் தாண்டாது என்று எனக்கே இப்போது தெரியும். ஆனால் நிறைய ஆர்டர்களில் கோணம் 999 என்று இருக்கிறது. 998 இல்லை, 990 இல்லை. எப்போதும் 999. தினமும் ஒன்றிரண்டு. வருஷக்கணக்காக!

கவுன்டர் அக்காவுக்கு விரல் தவறுகிறது என்று நினைத்து நயமாகக் கேட்டேன். முகம் தூக்கிவைத்துக்கொண்டாள். "எனக்கு இதுவரைக்கும் ஒரு நம்பர் தப்பினது கிடையாது. உங்கண்ணனையே கேளுங்க" என்றாள். அண்ணனைக் கேட்டேன். திரும்பவும் டீ. இந்த மனுஷன் இவ்வளவு டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

இது உங்கள் ஏற்பாடா? ஏதாவது ரகசியக் குறியா? சொல்லுங்கள், எனக்கு மண்டை வெடித்துவிடும்.

வாலு


பிப்ரவரி 28

வாலு,

எனக்கும் தெரியாது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேலையே ஓடவில்லை. பஸ்ஸில் போகும்போதும் 999, சாப்பிடும்போதும் 999. என் ப்ரோக்ராமுக்குள் எனக்குத் தெரியாத ஒன்று வருஷக்கணக்காகக் குடியிருந்திருக்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்!

உனக்கு உதவலாம் என்று ஒன்று சொல்கிறேன். ப்ரோக்ராமிலுள்ள அத்தை ஆர்டர் வாங்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். கடைக்காரர் போனில் ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் கத்தினால் கவுன்டர் அக்காவுக்குக் கை தடுமாறும். அதனால் எதைப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்வாள். பட்டறை மூடிய பிறகு எல்லாவற்றையும் சரிபார்த்து, தப்பானதை மட்டும் பிரித்து, காலையில் முதல் தாளாக பிரின்ட் செய்வாள். அந்தத் தாள் உங்கண்ணன் கைக்குத்தான் போகும். அவர் கடைக்குப் போன் செய்து சரியான நம்பரைக் கேட்டுத் திருத்துவார். இதுதான் நான் செய்த ஏற்பாடு.

ஆகவே நீ பார்க்க வேண்டியது இவைதான். 999 எந்தெந்தக் கடையிலிருந்து வருகிறது? எப்போது ஆரம்பித்தது? 999 போட்ட ஆர்டர் முடிந்து வெளியே போவதற்கு மற்றதைவிட அதிக நேரம் ஆகிறதா? நிஜமான தப்பு என்றால் தாமதம் ஆகவேண்டும். ஆகவில்லை என்றால் அது தப்பே இல்லை.

சீக்கிரம் எழுது. உங்கண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்லாதே.

அண்ணி


மார்ச் 9

அண்ணி!

கண்டுபிடித்துவிட்டேன். இல்லை, அது என் தலையில் வந்து விழுந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

போன வாரம் புதிய பக்கத்தை ஒத்திகை பார்த்தோம். கவுன்டர் அக்கா ஆர்டரையெல்லாம் பிரவுசரில் போட வேண்டும், பழையது சும்மா பக்கத்தில் ஓடும் என்று ஏற்பாடு. ஃபிரேம்வொர்க்கில் இந்தச் சரிபார்ப்பெல்லாம் கூடவே வருகிறது, நாம் எல்லையை மட்டும் சொன்னால் போதும். நூற்றெண்பதுக்கு மேல் போட்டால் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும், கீழே 'தவறான கோணம்' என்று எழுத்து வரும், மேற்கொண்டு நகர விடாது. எனக்கு ஒரே பெருமை. அக்கா ஒரு ஆர்டரில் 999 போட்டாள். சிவப்பு. திரும்பவும் போட்டாள். திரும்பவும் சிவப்பு. என்னைப் பார்த்தாள். "சரியான கோணம் போடுங்கக்கா" என்றேன். சீட்டைப் பார்த்துச் சரியானதைப் போட்டுவிட்டாள். நான் அவளை மனசுக்குள் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒருவர் வந்தார். லாரி ஓட்டுகிறவர். இருந்த ஒரே கண்ணாடி கீழே விழுந்து உடைந்துபோய்விட்டது, கடைக்காரர் 'நேரே பட்டறைக்குப் போங்க, ரெடியா இருக்கும்' என்று அனுப்பியிருக்கிறார். ரெடியாக இல்லை. அவருடைய லென்ஸ் இருந்த தட்டு வரிசையில் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. அரைக்கிற மாஸ்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு 999 போடலையா?" என்று கேட்டார். காய்கறி விலை கேட்கிற மாதிரி, சர்வசாதாரணமாக. அந்த மனிதர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

உங்கள் ஏற்பாட்டை அப்படியே வேறு வேலைக்குத் திருப்பியிருக்கிறார்கள், அண்ணி. வேண்டுமென்றே தப்பு நம்பர் போட்டால் அத்தை அதைப் பிடித்து முதல் தாளில் போடுவாள். முதல் தாள் அண்ணன் கைக்கு வரும். சரியான கோணம் அக்கா போனில் கேட்டு எழுதித் தட்டில் போட்ட சீட்டில் இருக்கிறது, அதைப் பார்த்துத் தாளில் மட்டும் திருத்தி (அதனால்தான் கம்ப்யூட்டரில் 999 அப்படியே இருக்கிறது), இயந்திரம் ஓடத் தொடங்கும்போதே அந்தத் தட்டை முன்னால் வைத்துவிடுவார். யாருக்கும் போன் பண்ணுவதில்லை. 999 என்றால் அவசரம். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியாது.

அண்ணன் டீக்குப் போகுமுன் வாசலில் மறித்துவிட்டேன். முதலில் பிரின்டரைப் பார்த்தார், அப்புறம் பேசினார்.

"உங்க அண்ணிகிட்ட ஒரு அவசர பட்டன் கேட்டேன். ரொம்ப வருஷம் ஆச்சு. முடியாதுன்னுட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ எழுதினதுல நான் கை வைக்கக் கூடாது. கை வைக்காம என்ன பண்ணலாம்னு பார்த்தேன்."

"இதை ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னா அதையும் அடைச்சிருப்பா."

நிஜமா, அண்ணி? கேட்டாரா? நீங்கள் முடியாது என்றீர்களா?

வாலு


மார்ச் 16

வாலு,

கேட்டார். முடியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படியே ஒரு பட்டனைத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். எந்தக் கடைக்காரர் தன் ஆர்டர் அவசரம் இல்லை என்று சொல்வார்? பட்டன் இருந்தால் ஒரு மாதத்தில் எல்லாமே அவசரம் ஆகிவிடும், வரிசை என்று ஒன்றே இருக்காது. இதை அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன். உங்கண்ணன் தலையாட்டலுக்கு அந்த அர்த்தம் இல்லை என்று இத்தனை காலம் குடித்தனம் பண்ணியும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் டிபன் பாக்ஸை மூடாமலே ஆபீஸ் கிளம்பிப் போனேன். என் முதுகுக்குப் பின்னால் என் ப்ரோக்ராமை வைத்தே என்னை ஏய்த்திருக்கிறார்! பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தாள். எவ்வளவு கச்சிதமான திருட்டு, பார். ஒரு வரி மாற்றவில்லை. ஒன்றும் உடையவில்லை. நான் கட்டிய எல்லாவற்றையும் அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் காட்டும்போது கவனிக்கவே இல்லை என்று நினைத்தேனே.

ஆனால் மனசு ஒரு இடத்தில் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் என் வேலையை மதிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். தான் கேட்டு நான் மறுத்ததை அவர் எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு ஒரு சந்து கண்டுபிடித்துப் போய்விட்டார். எனக்குச் சண்டை போடத் தெரிந்தது, அவருக்குச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் உட்கார்ந்து பேசத் தெரியவில்லை.

இப்போது எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த 999 எல்லாம் யாருக்குப் போட்டார்? பெரிய கடைகளுக்கா, சிநேகிதர்களுக்கா? பார்த்து எழுது. உள்ளதை உள்ளபடி எழுது, உங்கண்ணன் என்று பூசி மெழுகாதே.

அண்ணி


மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

பூசி மெழுகவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய கடை ஆர்டர்களில் 999 மிக அபூர்வம். எதிர்வீட்டு சிநேகிதர் நாலு முறை கண்ணாடி போட்டிருக்கிறார், ஒன்றிலும் இல்லை. ரொம்பக் கனமான பவர் உள்ளவர்கள்தான் அதிகம். கண்ணாடி இல்லாவிட்டால் கதவு எங்கே சுவர் எங்கே என்று தெரியாதவர்கள். கவுன்டர் அக்காவிடம் கேட்டேன் (என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள்). கடைக்காரர்கள் சும்மா 'அவசரம்' என்றால் அண்ணன் காதில் வாங்க மாட்டாராம். "அவருக்கு வேற கண்ணாடி இருக்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்கச் சொல்லியிருக்கிறாராம். இருக்கு என்றால் வரிசை. இல்லை என்றால் 999.

நீங்கள் பயந்த மாதிரி எல்லாமே அவசரம் ஆகவில்லை, அண்ணி. ஒரு நாள்கூட.

இன்னொரு செய்தி. பழைய கம்ப்யூட்டர் வியாழக்கிழமை போய்விட்டது. அக்கா எவ்வளவோ தட்டிப் பார்த்தாள். முந்தின நாளே எல்லா ஆர்டரையும் மாற்றி முடித்திருந்தேன், தப்பித்தோம். அண்ணன் அதன் முன்னால் போய்க் கழுத்துத் துண்டால் திரையைத் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது எல்லாம் புதியதில்தான் ஓடுகிறது. ஆனால் அவசரத்துக்கு வழி இல்லை. அண்ணன் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு தட்டுகளில் கோடு போட்டுக்கொண்டு திரிகிறார், ஈரத்தில் அது அழிந்துவிடுகிறது. 999-ஐ அப்படியே அனுமதிக்கலாம், என் சிவப்புக் கோட்டை எடுத்துவிட்டால் முடிந்தது. இல்லாவிட்டால் பட்டன் வைக்கலாம். எது என்று அண்ணனிடம் கேட்டேன். "அவகிட்ட கேளு" என்றார். "நீங்களே கேளுங்களேன்" என்றேன். வாயைத் திறந்தார். நிஜமாகவே திறந்தார், அண்ணி, நான் பார்த்தேன். திரும்ப மூடிக்கொண்டார்.

அடுத்த வாரக் கடைசியில் என் லீவு முடிகிறது. நான் என்ன செய்யட்டும்?

வாலு


மார்ச் 29

வாலு,

பட்டனைத் தொடாதே. 999-ஐயும் அனுமதிக்காதே. பட்டறைச் சாவியைக் கவுன்டர் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பு. உன் வேலை பிரமாதம். நீ கடிதத்தோடு வைத்திருந்த பிரின்ட்களை உற்று உற்றுப் பார்த்தேன். ஒரே ஒரு குறை, கட்டத்துக்குக் கட்டம் மவுஸைத் தேடவைத்திருக்கிறாய். அக்காவின் விரலுக்கு அது பிடிக்காது.

சனிக்கிழமை நான் வருகிறேன். அவர் கேட்கவில்லை, தெரியும். அவருக்கு என்ன தேவை என்று அப்போது நானும் கேட்கவில்லை, ஏன் கூடாது என்று மட்டும்தான் சொன்னேன். யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டும். அவர் வாய் திறந்து மூடியது வரை வந்துவிட்டார், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். வரப்போவதை அவரிடம் சொல்லாதே. டீக்கடையில் போய்க் குடியேறிவிடுவார்.

அண்ணி


ஏப்ரல் 14

வாலு,

இதை உன் ஜன்னலோர மேசையிலிருந்து எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு எழுதிப் பழகிவிட்டது. உன் ஃபிரேம்வொர்க்கைப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு சின்ன மாற்றத்துக்கு நாலு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிடிபட்ட பிறகு விட மனசில்லை.

பட்டனை நானும் உங்கண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தோம். நான் சந்தேகம் கேட்க, அவர் சொல்ல. வாழ்நாளில் பேசாததை எல்லாம் ஒரு பட்டனுக்காகப் பேசினார். எந்தக் கடைக்காரர் பொய் சொல்வார், எந்த லென்ஸை அவசரப்படுத்தினால் கீறல் விழும், ஒரு காலைக்கு எத்தனை தட்டுக்கு மேல் மாஸ்டர் தாங்கமாட்டார் என்று. இவ்வளவும் இவர் தலைக்குள் இருந்ததா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பட்டனை அழுத்தினால் ஒரு வரி கேட்கும்: வேறு கண்ணாடி இருக்கிறதா? இல்லை என்று எழுதினால்தான் தட்டு முன்னால் போகும். யார் அழுத்தினார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். உன் அம்மா பார்த்துவிட்டு எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கினேன்.

இன்று காலை முதல் அவசரம் வந்தது. ஒரு டீச்சர், வகுப்பில் யாரோ கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டார்கள். உங்கண்ணன் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதைப் போடலாமா?"

"அதை எதுக்கு என்னைக் கேக்கறீங்க? இது உங்க முடிவுதானே?"

"இருக்கட்டும். கேக்கணும்னு தோணுச்சு."

படித்துப் பார்த்தேன். "போடுங்க" என்றேன். போட்டார். அப்புறமும் அங்கேயே நின்றார். எனக்கு என்னமோ இன்றைக்குப் பொறுமை இருந்தது, நானும் எழுந்து போகவில்லை.

"அந்த பஸ் கம்பெனி லீவு எப்ப முடியுது?"

"திங்கக்கிழமை."

"நீ இங்கயே இருந்துடுன்னு சொல்லணும்னு ஒரு வருஷமா நினைச்சிட்டிருக்கேன்."

"நினைச்சிட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? கேளுங்க."

கேட்டார்.

உன் அண்ணி